அது ‘அவர்கள்’ கதையா? பாலாற்றங்கரை முஸ்லிம்களும் ‘பொன்னியின் செல்வ’னும்

 

மணிரத்னம் இயக்கிய ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் முதற்பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று, நோன்புப் பெருநாள் கழிந்த ஆறாம் நாள், திரைக்கு வந்தது. இரண்டும் வெள்ளிக்கிழமைகள். படம் வந்தது, ஓடியது, தேசிய விருதுகளும் பெற்றது. ஆனால் அது வந்த நாளில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் மஹல்லாக்களில் நம்மவர் வாயில் உலவிய ஒரு சொற்றொடர் மட்டும் இன்றுவரை போகவில்லை. “அது அவங்க கதை, நமக்கென்ன?” என்பதே அது. சிலர் அதை மார்க்கப் பேணுதலாகச் சொன்னார்கள். சிலர் அலட்சியமாகச் சொன்னார்கள். வேறு சிலர், ஏற்கெனவே பட்ட காயத்தின் வலியோடு சொன்னார்கள். எந்த மனநிலையில் சொல்லப்பட்டாலும் அச்சொற்றொடர் பிழையானது, நமக்கே தீங்கு செய்வது. அதை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். திரைப்படம் பார்க்கலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. அதில் உலமாக்களின் கருத்துகள் உள்ளன. அவரவர் தக்வாவும் அவரவர் வீட்டு ஒழுங்கும் உள்ளன. படத்தைப் பார்க்காமலே இருப்பவரின் பேணுதலை நாம் மதிக்கிறோம். நமது வழக்கு ‘அவங்க’ என்ற அந்த ஒரு சொல்லின் மீதுதான். படத்தை விலக்குவது வேறு, அந்தப் படம் எடுத்துக்கொண்ட மண்ணையும் மொழியையும் காலத்தையும் பிறர் சொத்து என்று எழுதிக் கொடுத்துவிடுவது வேறு. முன்னது பேணுதலாக இருக்கக்கூடும். பின்னது நம் பிள்ளைகளின் பங்கை நாமே விற்றுவிடுவதாகும்.

கதையின் ஊர் எது என்று பார்ப்போம். கல்கி இந்நாவலை 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதினார். ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் ஓர் இளைஞனோடு கதை தொடங்குகிறது. கையில் ஓலை, இடையில் வாள், மனத்தில் துடுக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் டூமா 1844-இல் எழுதிய ‘மூன்று மஸ்கட்டியர்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த இளைஞனின் சாயல் புதிதாக இராது. அவன் பெயர் வந்தியத்தேவன். அவனை வாணர் குலத்தவன் என்றும் வல்லத்து வீரன் என்றும் கல்கி படைத்தார். அந்த வல்லம் எங்கே இருக்கிறது? தஞ்சையிலா, குடந்தையிலா? பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போவதற்காக ஆம்பூரில் ரயிலேறும் நம் வணிகர், காட்பாடியைத் தாண்டியதும் பொன்னையாற்றுப் பாலத்தின் தடதடப்பில் கண்விழிக்கிறாரே, அந்தத் திருவலம்தான் பழைய திருவல்லம். அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலின் கல்வெட்டுகள் வாண மன்னர்களின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். தமிழகமே கொண்டாடிய கதைநாயகன் நம் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவனாகப் படைக்கப்பட்டவன். வாரந்தோறும் அந்த ஊரைக் கடந்து செல்லும் நாம்தான் “அவங்க கதை” என்கிறோம்.

திருவல்லம் மட்டுமன்று. பொன்னையாற்றைப் பிடித்துக்கொண்டு சற்று மேலே சென்றால் மேல்பாடி. ஆற்றூரில் இறந்த தம் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் அங்கேதான் நிற்கிறது. அரக்கோணம் பக்கம் சென்றால் தக்கோலம். 949-ஆம் ஆண்டு அந்தக் களத்தில்தான் பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே உயிர்துறந்தான். அந்தத் தோல்வியால் சோழநாடு சுருங்கியது. அதன்பின் எழுந்த வாரிசுக் குழப்பமும் பழியுணர்வும்தான் ‘பொன்னியின் செல்வ’னின் அடித்தளம். காவிரியின் மைந்தனைப் பற்றிய கதை என்று தலைப்பு சொல்லலாம். ஆனால் அக்கதைக்கு விதை விழுந்த களங்களுள் ஒன்று இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் கிடக்கிறது. தக்கோலத்தின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நாவல் நாவல்தான். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். வந்தியத்தேவன் பெயர் கல்வெட்டில் உண்டு. குந்தவைப் பிராட்டியாரை அவரது தேவியாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிக்கிறது. அதற்குமேல் அவர் குதிரையேறிச் செய்த சாகசங்களெல்லாம் எழுத்தாளர் தந்தவை. ஆதித்த கரிகாலனின் கொலை உண்மை. கொலைக்குற்றத்தில் சம்பந்தப்பட்ட இரவிதாசன் முதலியோரின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன. ஆனால் வாளை ஓங்கிய கணத்தில் யார் என்ன சொன்னார் என்பது வசனகர்த்தாவின் வேலை. ஆகவே படத்தை வரலாறாக எண்ணி மார்தட்டுபவரும் தவறு செய்கிறார். அதே எண்ணத்தோடு அஞ்சி ஒதுங்குபவரும் அதே தவற்றைத்தான் செய்கிறார்.

நாவலுக்கும் வரலாற்றுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் நம் சொந்த வழக்கும் புதைந்து கிடக்கிறது. கல்கியின் நாவலில் அராபியர் வருகிறார்கள். குதிரை வணிகர்களாக, கடலில் தத்தளிக்கும் கப்பலொன்றில், அச்சமூட்டும் முரடர்களாக வருகிறார்கள். சாகசக் கதைக்கு ஒரு முரட்டுக் கூட்டம் தேவைப்பட்டது. அதற்கு மேல் கல்கியைக் குறைசொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தக் காலத்தை ஒட்டிய ஆவணங்களில் அராபியரும் முஸ்லிம்களும் எப்படித் தோன்றுகிறார்கள்? 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும் இடப்பட்டுள்ளன. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிச் சோழப் பேரரசுக்கு வித்திட்டதாகக் கருதப்படும் காலமும் ஏறத்தாழ அதுவே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘சோனகன்’ என்ற அடைமொழியோடு சாவூர் பரஞ்சோதி என்பவர் குறிக்கப்படுகிறார். ‘சோனக’ என்னும் அடையோடு ஓர் அணிகலனின் பெயரும் காணப்படுகிறது. நாவல் அராபியன் கையில் கத்தியைக் கொடுத்தது. செப்பேடோ அவன் கையில் எழுத்தாணியைக் கொடுத்து, ஒரு சட்ட ஆவணத்துக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறது. இந்த வேறுபாட்டை எடுத்துச்சொல்ல நம்மிடம் ஆளில்லை. ஏனென்றால் நாம் அந்தக் காலத்தையே “அவங்க” பக்கம் தள்ளிவிட்டோம். புத்தகத்தைத் திறக்காதவன் அதிலுள்ள பிழையை எப்படிச் சுட்டுவான்?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம் நம் பெரியோர்களிடமிருந்து வருவது. “அவர்கள் கோயில் கட்டிய மன்னர்கள். அவர்களைக் கொண்டாடுவது நம் அகீதாவுக்கு ஒவ்வாதது” என்கிறார்கள். அகீதாவைக் காக்கும் அக்கறையை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். ஆனால் வரலாற்றை அறிவதும் வழிபாட்டில் பங்குகொள்வதும் ஒன்றா? பூமியில் பயணம் செய்து முன்சென்ற சமூகங்களின் முடிவைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஃபிர்அவ்னின் நாட்டையும் ஸபாவின் அரசியையும் அது நமக்கு அறிமுகம் செய்கிறது. நபி யூசுஃப் (அலை) எகிப்து மன்னனிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். மக்காவில் கொடுமை தாங்காத ஸஹாபாக்களை அண்ணலார் (ஸல்) அனுப்பிவைத்தது அபிசீனியாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நாட்டுக்கு. அவரது ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இஸ்லாத்துக்கு முன் மக்காவாசிகள் செய்துகொண்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையை, நபித்துவத்துக்குப் பின்னரும் அண்ணலார் (ஸல்) உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள். நம்பிக்கையில் வேறுபட்டவர்களின் நீதியையும் அறிவையும் வீரத்தையும் அறிந்து மதிப்பது நமக்குப் புதிய வழக்கமன்று.

மேலும், அந்தக் காலத்தை இன்றைய மதச் சண்டையின் கண்ணாடி வழியே பார்ப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. தக்கோலத்தில் சோழரை வென்றவர் யார்? இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணர். அந்த இராட்டிரகூடர்களைத்தான் அரபுப் பயணிகள் ‘பல்ஹரா’ என்றழைத்து, தம் நாட்டில் முஸ்லிம்களை மதித்து நடத்தும் அரசர்கள் என்று புகழ்ந்து எழுதினார்கள். அவ்வாறு எழுதிய அல்மஸ்ஊதி, தக்கோலப் போர் நடந்தபோது உயிரோடு இருந்தவர். ராஜராஜனோ நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இறையிலியாக அளித்தவன். அச்செப்பேடு இன்று நெதர்லாந்தின் லைடன் நகரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இவர்களெல்லாம் சமயப் பொறையின் திருவுருவங்கள் என்று நாம் சொல்லவில்லை. படையெடுத்தார்கள், ஊர்களை அழித்தார்கள், மக்களிடம் வரி கறந்தார்கள். ஆனால் இன்று நாம் போட்டுக்கொண்டிருக்கும் வேலி அன்று அந்த இடத்தில் இருக்கவில்லை.

இரண்டாம் வாதம் இளைஞர்களுடையது. “நமக்கென்று வீரர்கள் இல்லையா? எர்துருலைப் பார்க்கிறோமே!” என்கிறார்கள். துருக்கித் தொலைக்காட்சி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய அத்தொடரின் உருது வடிவம் 2020-ஆம் ஆண்டு ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி வழியாகப் பரவியது. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நம் பிள்ளைகளின் கைபேசிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. கல்லூரி மாணவர்கள் அத்தொடரின் சின்னத்தைத் தம் கைபேசி முகப்பில் வைத்துக்கொண்டார்கள். நல்லது, ரசித்திருக்கட்டும். ஆனால் அதுவும் ஒரு சாகசப் புனைவுதான். உஸ்மானின் தந்தை எர்துருலைப் பற்றி வரலாற்றில் உறுதியாகக் கிடைப்பது மிகச் சொற்பம். ஐந்து பருவங்கள் நீண்ட அந்தக் கதையின் பெரும்பகுதி, கல்கி செய்ததைப் போலவே, எழுதியவர்களின் கற்பனை. துருக்கிப் புனைவை வரலாறு என்று நம்பும் நாம், தமிழ்ப் புனைவைப் புனைவாகக்கூடத் தொட மறுப்பது என்ன நியாயம்? ஸோகுத் என்னும் ஊரை உலக வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற பிள்ளைக்கு, தன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய மேல்பாடி தெரியவில்லை. இது சமுதாயப் பற்றா, வேரறுந்த நிலையா?

சரி, முஸ்லிம்களின் வாள்வீச்சுத்தான் வேண்டுமென்றால் அதற்கும் துருக்கி வரை போக வேண்டியதில்லை. 1749 ஆகஸ்ட் 3 அன்று நம் ஆம்பூரில் ஒரு பெரும்போர் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் அதில் கொல்லப்பட்டார். எதிரே நின்றவர்கள் சந்தா சாகிப், முஸஃபர் ஜங், அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையினர். இரு பக்கத்துத் தலைவர்களும் கலிமா சொன்னவர்களே. அன்வருத்தீனின் மகன் முஹம்மது அலி திருச்சிக்குத் தப்பினார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கர்நாடகத்தின் கதவு அகலத் திறந்தது. பதவிப் போட்டியில் சொந்தங்கள் மோதிக்கொண்டு அந்நியனை நடுவீட்டுக்கு அழைத்துவந்த கதை அது. ‘நம் வீரர்கள்’ என்று எவரையும் கண்ணைமூடித் தூக்கிவைக்கக் கூடாது என்ற படிப்பினை ஆம்பூர் மண்ணிலேயே கிடக்கிறது. அதை எந்த வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம்?

அதைவிடப் பெரிய கதை 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்தது. சமயக் குறிகள் கூடாது, தாடியை ஒழுங்குபடுத்த வேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனி ராணுவம் கட்டளையிட்டது. எதிர்த்துக் குரல் கொடுத்ததற்காக ஓர் இந்துச் சிப்பாயும் ஒரு முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே கசையடி வாங்கினார்கள். பின்னர் ஒரு நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. செய்தி கேட்டு ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை பாய்ந்து வந்தது. பொழுது ஏறுவதற்குள் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ரகசியம், கோட்டை, இரவு, குதிரை, சிறைப்பட்ட இளவரசர்கள் என்று ஒரு சாகச நாவலுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. அத்தோடு அது நடந்த கதை. திருநீறு பூசியவரும் தாடி வைத்தவரும் ஒரே காரணத்துக்காக ஒன்றாக நின்று ஒன்றாக மாண்ட கதை. வேலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய அகழியோரத்தில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து உண்டுவிட்டுத் திரும்பும் நாம், அந்த மதிலுக்குள் நடந்ததைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

மூன்றாம் வாதம் வலியிலிருந்து பிறந்தது. அதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “சோழர் பெருமையைப் பேசுவோரில் சிலர், நம்மை வந்தேறிகள் என்று சொல்வதற்காகவே அதைப் பேசுகிறார்கள். அவர்கள் கூட்டத்தில் போய் நாம் ஏன் நிற்க வேண்டும்?” உண்மைதான், அப்படிப் பேசுவோர் உண்டு. முதற்பாகம் வெளியான அதே நாட்களில், இயக்குநர் வெற்றிமாறனின் ஒரு பேச்சைத் தொடர்ந்து, ராஜராஜனை இந்து மன்னன் என்பது சரியா என்ற விவாதம் தமிழகமெங்கும் கொதித்தது. அறிஞர்களும் நடிகர்களும் அரசியல்வாதிகளும் அதில் பேசினார்கள். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என்று பெயர்கள் அடிபட்டன. சோனகன் என்ற சொல்லை எடுத்துவைக்க நம் தரப்பிலிருந்து எழுந்த குரல்கள் எத்தனை? அவை எவ்வளவு தூரம் கேட்டன? நம்மை வெளியே தள்ள நினைப்பவருக்கு மிகவும் வசதியானது நாமே வெளியேறிவிடுவதுதான். அவர் “இது உங்கள் வரலாறு அன்று” என்கிறார். நாமும் “ஆம், அது அவங்க கதை” என்கிறோம். அவருக்கும் நமக்கும் கருத்து வேறுபாடே இல்லையே! அவர் வாதத்துக்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கொல்லத்தில் நம் முன்னோர் இட்ட கையெழுத்து இந்த மண்ணில் அவர்களுக்கிருந்த இடத்தைச் சொல்கிறது. நாம் இடும் கையெழுத்து அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறது.

அந்தப் படத்தின் இசையைக் கேட்டவர் எவருக்கும் ஒன்று தெரியும். அதை அமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். பின்னணி இசைக்காகத் தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது. இசை பற்றிய மார்க்க விவாதம் தனி. நாம் சுட்டுவது வேறொன்றை. சோழர் கதைக்கு இசையமைக்க ஒரு முஸ்லிம் எப்படி வரலாம் என்று தமிழ் மக்கள் கேட்கவில்லை. திறந்திருக்கும் வாசலை மூடிக்கொண்டு, நம்மை யாரும் அழைக்கவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

இதன் ஆழத்தில் மொழிச் சிக்கலும் உள்ளது. நம் பகுதியில் பல வீடுகளின் மொழி உருது. அது நம் செல்வம், அதைக் காப்பது நம் கடமை. ஆனால் உருதுவைக் காப்பதற்காகத் தமிழை ‘வெளியே பேசும் மொழி’ என்று வாசற்படியோடு நிறுத்திவிட்டோம். பேரம் பேசவும் அலுவலகத்தில் மனுக் கொடுக்கவும் மட்டுமே அது பயன்பட்டால், அம்மொழியின் கதைகள் எப்படி நமக்கு உரியவையாகும்? நஸீம் ஹிஜாஸியின் உருது வரலாற்று நாவல்களை நம் தந்தையர் தலைமுறை விரும்பிப் படித்தது. அடுத்த தலைமுறை அதையும் விட்டது, கல்கியையும் தொடவில்லை. இரண்டு மொழிகளின் வீட்டில் பிறந்த பிள்ளை இரண்டு நூலகங்களுக்கு உரியவனாக இருக்க வேண்டும். நம் பிள்ளையிடம் கைபேசி மட்டுமே இருக்கிறது.

தமிழில் முஸ்லிம்கள் விருந்தாளிகள் அல்லர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அண்ணலாரின் (ஸல்) வரலாற்றைப் பாடும்போது அரபு நாட்டையே தமிழ்நிலம் போல வயலும் மழையும் பெருகத் தீட்டினார். சாகசக் கதை பிறருடையது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன், 1885-இலேயே, இலங்கை கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலைத் தமிழில் வெளியிட்டார். எகிப்திய உயர்குடியில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்ட ஒருவனின் துணிகரக் கதை அது. தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. வேறெங்கும் போக வேண்டாம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். ‘ஆலாபனை’ நூலுக்காக 1999-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். தோல் பதனிடும் ஊரில் தமிழ் வளராது என்பவருக்கு அவரே விடை.

நம் ஊர் ஷூ கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே மேசையில் ஒருவர் தோலை வெட்டுகிறார், அடுத்தவர் ஓரம் சீவுகிறார், மூன்றாமவர் தைக்கிறார். ஒருத்தி குங்குமம் வைத்திருக்கிறாள், ஒருத்தி பர்தா அணிந்திருக்கிறாள், ஒருத்தியின் கழுத்தில் சிலுவை தொங்குகிறது. படம் வந்த வாரத்தில் அந்த மேசைகளில் வந்தியத்தேவனைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சில் நம் சகோதரி வாய்மூடி அமர்ந்திருந்தால், படத்தைப் பார்க்காததனால் அவளுக்கு இழப்பில்லை. “அந்தத் திருவல்லம் நம்ம காட்பாடிப் பக்கம்தான் அக்கா” என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லையே, அதுதான் இழப்பு. அந்த ஒரு வரி போதும், அவளும் அந்தப் பேச்சில் உரிமையுள்ளவளாக இருந்திருப்பாள். இப்படிச் சின்னச் சின்ன மௌனங்கள் சேர்ந்துதான் ஊருக்குள் சுவர் எழும்புகிறது.

உரிமை கேட்டால் பொறுப்பும் வரும். இந்த மண் நம்முடையது என்றால் இந்த ஆறும் நம்முடையது. கல்கியின் கதை நீர் நிறைந்த ஏரிக்கரையில் தொடங்குகிறது. நம் பாலாறோ மணலாய்க் கிடக்கிறது. அந்த மணலிலும் அடியிலுள்ள நீரிலும் தோல் கழிவின் உப்பு ஏறியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உறுதியாக நிறுவியது நம் தொழிலை முன்வைத்துத்தான். ‘அவங்க கதை’ என்று மண்ணை ஒதுக்கிய மனமும், ‘ஆறு எப்படிப் போனால் என்ன’ என்று கழிவைத் திறந்துவிட்ட மனமும் தூரத்து உறவினர் அல்லர். தன் ஊரின் கதையைத் தன்னுடையதாக எண்ணுகிறவன் அந்த ஊரின் நீரைக் கெடுக்கக் கூசுவான். ஆலை முதலாளிகளான நம் சகோதரர்கள் இதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளாமல் சிந்திக்க வேண்டும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. கோடை விடுமுறையில் மக்தப்களில் நடக்கும் தீனியாத் வகுப்புகளோடு ஒரு நாள் உள்ளூர் வரலாற்றையும் சேருங்கள். பிள்ளைகளை ஒரு முறை வேலூர்க் கோட்டைக்கும், ஒரு முறை தக்கோலத்துக்கும் மேல்பாடிக்கும் அழைத்துச் செல்லுங்கள். தொழுகை நேரத்தைப் பேணி, வழிபாட்டில் கலவாமல், கல்வெட்டையும் கட்டடத்தையும் பார்த்து வரமுடியும். ஜமாஅத் நூலகங்களில் உருது நூல்களுக்குப் பக்கத்தில் தமிழ் வரலாற்று நூல்களை வையுங்கள். கல்கியின் ஐந்து பாகங்களையும் வையுங்கள், அவற்றில் கற்பனை எது, கல்வெட்டு எது என்று பிரித்துச் சொல்லும் ஆய்வு நூல்களையும் கூடவே வையுங்கள். ஜும்ஆ மேடையில் நம் ஹஜ்ரத்மார்கள் 1806-ஐப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை பேசட்டும். ஜூலை மாதம் அதற்குப் பொருத்தமானது.

படத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு சோழனைப் பற்றியோ ஒரு வாணனைப் பற்றியோ கேட்டால், “அது அவங்க கதை” என்று சொல்லி அவன் முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். “அது நம் பக்கத்து ஊர்க் கதை, வா, சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து படியுங்கள். நாம் பிறந்ததும், தொழுவதும், உழைப்பதும், நாளை அடக்கமாகப் போவதும் இதே பாலாற்றங்கரை மண்ணில்தான். இந்த மண்ணை அறிந்து, அதற்கு நன்மை செய்து வாழும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் அருள்வானாக. ஆமீன்.